விட்டுருங்க, சம்பந்தியம்மா

ஜனவரி 31, சனி

இன்றும் தோற்றோம். காரணம் என் சம்பந்தியம்மா. இதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்துக்குப் பிக்கிள்பால் என்று பெயர். பாட்மிண்டன் ஆடுகிற அளவு இடம், இடுப்புயர வலை, ஓட்டை ஓட்டையாகப் பிளாஸ்டிக் பந்து, டேபிள் டென்னிஸ் மட்டைக்கு அண்ணன் மாதிரி ஒரு மட்டை. எங்கள் சரவணம்பட்டி அடுக்ககத்தில் போன ஆடியிலிருந்து எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. மின்வாரியத்தில் முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தே ஓய்வு பெற்ற எனக்கும் பிடித்துவிட்டது.

கோமதியம்மாள் என் மருமகள் சங்கரியின் அம்மா. சங்கரன்கோவிலிலிருந்து தீபாவளிக்கு வந்தவர். அவருக்கும் கணவர் இல்லை, எனக்கும் இல்லை. சங்கரி பிடித்து வைத்ததால் இத்தனை நாள் தங்கினார். வாரத்துக்கு ஒரு முறை, "அடுத்த வாரம் கிளம்புதேன்" என்பார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தாய் தொடர்ந்து தங்கினால் ஊர் சிரிக்குமாம். ஊருக்கு வேறு வேலை இல்லை போல.

நன்றாகத்தான் ஆடுகிறார். மரியாதைதான் ஆளைக் கெடுக்கிறது. பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தால் ஒதுங்கி, "நீங்க எடுங்க" என்கிறார். மாப்பிள்ளையின் அம்மாவாயிற்றே, முந்திக்கொள்ளலாமா? நானும் "பரவாயில்லீங், நீங்க" என்கிறேன். பந்து நடுவில் விழுந்து உருள்கிறது.

தைப்பூசம் கழிந்து செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். பை கட்டியாகிவிட்டது. போகட்டும். எனக்கு ஆட ஜோடி இருக்காது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, புதன்

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு.

பிப்ரவரி 7, சனி

இடது கை கொஞ்சம் பழகியிருக்கிறது. வேறு வேலையும் இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஆட்டம். அவர் ஊருக்குப் போகுமுன் கடைசி ஆட்டம் என்று பேச்சு. எதிரே நின்றவர் பந்தை என் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். நான் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் போனேன். காலில் நடைப்பயிற்சிக்குப் போடுகிற பழைய ஷூ. அந்த நேரத்தில் சம்பந்தியம்மா கத்தினார்:

"சம்பந்தியம்மா, விட்டுருங்க, அது வெளிய போவுது!"

'சம்பந்தியம்மா' வரைக்கும்தான் நின்றுகொண்டு கேட்டேன். மிச்சத்தைத் தரையில் கிடந்து கேட்டேன். விழும்போது கையை ஊன்றிவிட்டேன். முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

எல்லோரும் கூடி நின்று, "பார்த்து, பார்த்து" என்றார்கள். சம்பந்தியம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து, "வளையலக் கழத்துங்க மொதல்ல. வீங்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்" என்று தண்ணீர் விட்டு உருவி எடுத்தார். செய்தித்தாளைத் தடியாக மடித்துக் கைக்கு அடியில் கொடுத்து, தன் துண்டால் கழுத்தோடு தூளி கட்டினார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். மருத்துவமனையில் டாக்டர், "யாருங்க கட்டினது? நல்லா கட்டியிருக்காங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வராந்தாவில் சங்கரியிடம், "நான் சட்டுனு சொல்லியிருந்தா விழுந்திருக்க மாட்டாவளே" என்று அழுதுகொண்டிருந்தார்.

எலும்பு விலகவில்லை, கட்டுப் போட்டால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா கட்டிய பையைப் பிரித்தார். "கை சரியாவுற வரைக்கும் நான் எங்கயும் போவல" என்றார்.

அன்று நன்றாகத் தூங்கினேன். ஊசி மருந்தின் வேலை.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாப்பாடுதான் பெரிய அவமானம். இடது கையால் சோற்றைத் தொட மனம் வரவில்லை, கரண்டி பிடித்தால் பாதி மடியில் விழுகிறது. சம்பந்தியம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு தானே ஊட்டிவிட்டார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். எலும்புக்கு நல்லதாம். நான் பிறந்ததிலிருந்து உளுந்தை இட்லியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"வாயத் தொறங்க" என்றார்.

"நான் என்ன கைக்குழந்தைங்களா?"

"கைக்கொழந்த இம்புட்டுப் பேசாது."

என் மகன் நவநீதன் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தான். அழிக்கச் சொன்னேன். உளுந்தஞ்சோறு பரவாயில்லை. நாளைக்கும் செய்யலாம்.

பிப்ரவரி 14, சனி

எலும்பு அடர்த்திப் பரிசோதனை. என் எலும்பு என் வயதை விட மூத்தது என்று தெரிந்தது. டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதினார், வெயிலில் நிற்கச் சொன்னார், "இந்த வயசுல ஆட்டம் வேணுங்களா?" என்று மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அந்தக் கேள்வியை நவநீதன் காரில் கேட்டான். நான் வாய் திறக்குமுன் சம்பந்தியம்மா, "மாப்ள, ஆடாம உக்காந்தே இருந்ததாலதான் எலும்பு இப்படி ஆயிருக்குன்னு டாக்டர் சொன்னாவல்லா, கேக்கலியா நீங்க?" என்றார். மாப்பிள்ளையை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்காகப் பேசியிருக்கிறார்.

பிப்ரவரி 18, புதன்

தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். சிக்கெடுக்கும்போது இழுக்கவே இல்லை. என் அம்மா போன பிறகு என் தலையை யாரும் வாரியதில்லை. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

சங்கரன்கோவிலில் என் கதை பரவிவிட்டதாம். பிக்கிள் விளையாட்டில் கை முறிந்தது என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் அம்மா ஊறுகாய்ச் சாடி தூக்கும்போது விழுந்துவிட்டார் என்று தெரு முழுக்க வருத்தப்பட்டார்களாம். "திருத்திட்டீங்களா?" என்றேன். "இல்ல, எலுமிச்சங்காயா மாங்காயான்னு கேட்டாவ. மாங்கான்னு சொல்லிட்டேன்" என்றார். கட்டுப்போட்ட கை குலுங்கி வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சம்பந்தியம்மா சங்கரியோடு துணிக்கடைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்தார். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

பொங்கலுக்குப் பிறகு மட்டும் எங்கள் அடுக்ககத்தில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகல், இன்னொருவருக்குக் கெண்டைச்சதைக் கிழிசல், அப்புறம் நான். ஆகவே சங்கத்தார் மெர்லின் என்கிற பிசியோதெரபிஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். குரலைக் கேட்டால் நாமே எழுந்து நிற்போம்.

முதலில் எல்லோருடைய காலையும் பார்த்தார். "பாதிப் பேர் நடக்கற ஷூ போட்டிருக்கீங்க. அது முன்னால போறதுக்குத்தான். இந்த ஆட்டத்துல பக்கவாட்டுல ஓடுறீங்க, அதுக்குப் பிடிமானம் உள்ள கோர்ட் ஷூ வேணும்" என்றார். வந்ததும் மட்டையை எடுக்காமல் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், பனி ஈரத்தில் ஆடக் கூடாது, வாரத்தில் ஏழு நாளும் ஆடுவது வீரம் இல்லை என்றெல்லாம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எப்படி விழுந்தீங்க, நடிச்சுக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன்.

"இதான்! மேல பார்த்துக்கிட்டே பின்னால ஓடவே கூடாது. பந்து தலைக்கு மேல போச்சுன்னா திரும்பி, அப்புறம் ஓடணும். இல்லைன்னா ஜோடிகிட்ட விட்டுடணும். உங்க ஜோடி என்ன சொன்னாங்க?"

சம்பந்தியம்மா தலைகுனிந்து, சொன்னதை அப்படியே சொன்னார். கூட்டம் சிரித்தது. மெர்லின் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்தும் விழுந்துடும், அவங்களும் விழுந்துடுவாங்க. கோர்ட்டுக்குள்ள ஒரே சொல். 'விடு'. அவ்வளவுதான்."

"அதெப்படிம்மா? மாப்பிள்ளைக்கு அம்மா. நாளப்பின்ன பேச்சு வந்துராதா?"

"எலும்பு முறிஞ்சா பேச்சு வராதா?"

எல்லோரையும் ஜோடி ஜோடியாக நிறுத்திக் கத்தச் சொன்னார். சுற்றிலும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் "விடு! விடு!" என்று ஆசைதீரக் கத்தினார்கள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "விடு" என்றார். கூடவே "ங்க" என்றும் சொல்லிவிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கை இல்லை. சுருங்கி, வெளிறி, யாருடையதோ போல இருந்தது. மெர்லின் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வெந்நீரில் வைத்திருந்துவிட்டு மணிக்கட்டை மேலும் கீழும் மடக்க வேண்டும், உள்ளங்கையை வானம் பார்க்கவும் பூமி பார்க்கவும் திருப்ப வேண்டும், பஞ்சுப் பந்தைப் பிசைய வேண்டும். "இப்ப விட்டா கை இறுகிடும். அப்புறம் நானே நெனச்சாலும் திருப்ப முடியாது" என்றார்.

"எப்பச் சரியாவும்?" சம்பந்தியம்மா கேட்டார்.

"ஒழுங்கா செஞ்சா பங்குனி உத்திரத்துக்குள்ள தானே சாப்பிடுவாங்க, எழுதுவாங்க. ஆடறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"அப்ப நல்லதாப் போச்சு. உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போயித்தான் ஆவணும். போன கையோட அங்கேயே இருந்துக்கிடுதேன். ஊர்ல கொழுந்தனார் வீட்டுல ரொம்பத்தான் கேக்காவ."

"நல்லதுங்க" என்றேன். நல்லதுதானே.

மார்ச் 18, புதன்

பயிற்சி. எண்ணினேன்.

மார்ச் 20, வெள்ளி

காலையும் மாலையும் எண்ணினேன். சத்தமாக எண்ணினேன். கதவைச் சாத்திக்கொண்டால்தான் எனக்குக் கவனம் நிற்கும்.

மார்ச் 24, செவ்வாய்

மெர்லின் வந்து அளந்தார். கை போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "தினமும் செய்றீங்கதானே?"

"செய்யறேனுங்க. சம்பந்தியம்மாவையே கேளுங்க."

"ஆமா, எண்ணுதது சமையக்கட்டு வரைக்கும் கேக்கும்" என்று அவர் சாட்சி சொன்னார். பாவம்.

இப்படியே போனால் பூட்டைத் திறக்க முடியாது, காபி டம்ளரைச் சாய்க்க முடியாது, மட்டையை மறந்துவிட வேண்டியதுதான் என்று மெர்லின் சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தியம்மா ராத்திரிச் சாப்பாடு ஊட்டும்போது, "உத்திரம் முடிஞ்சதும் திரும்பி வந்துருதேன். இப்படி விட்டுட்டு எப்படி இருக்க?" என்றார்.

எள்ளுத் துவையலை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வலது கை மடியில் கிடந்தது. பார்வை ஜன்னலில். வாய் மட்டும் வேலை செய்தது. சம்பந்தியம்மா வெந்நீர் ஆறியிருக்கும் என்று புதுத் தண்ணீரோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். நான் வெட்கம் கெட்டு இன்னும் இரண்டு எண் எண்ணினேன்.

பாத்திரத்தை அவர் வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பிக் கட்டில் நனைந்தது.

"ஏட்டி, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

மகனைப் பெற்றவளைப் பார்த்துப் பைத்தியமா என்று சம்பந்தி கேட்கலாமா என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை மாதத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்கு அது இதமாக இருந்தது. கட்டில் நனைந்ததுகூட உறைக்கவில்லை.

"அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! கை இப்படியே நின்னுபோனா என்ன செய்வ நீ?"

"சரியாயிருச்சுன்னா நீங்க போயிருவீங்களே!"

சொல்லிவிட்டேன். அறுபத்து நான்கு வயதில், ஈரக் கட்டிலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதேன். நான்கு வருஷமாக இந்த வீட்டில் ஒன்பது மணிக்கு மகனும் மருமகளும் கிளம்பிப் போனால் இருட்டும் வரை டீவிதான் என்னோடு பேசும் என்று சொன்னேன். அவர் வந்த பிறகுதான் மத்தியானம் என்று ஒரு பொழுது இருப்பதே தெரிந்தது என்று சொன்னேன். இதையெல்லாம் இங்கேகூட எழுதியதில்லை.

அவர் கட்டிலில் சிந்திய தண்ணீரைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். மரியாதை திரும்பி வந்துவிட்டது. "எனக்கு மட்டும் போவணும்னா இருக்கு? மக வீட்டுல இருந்து சாப்பிடுதாள்னு ஒரு சொல் வந்துட்டா, நாளைக்குச் சங்கரிதான் தலகுனியணும். நீங்களே சொல்லுங்க."

"இது உங்க மக வீடு இல்லீங்க. என் வீடு. பத்திரம் என் பேர்ல இருக்குது, ரிட்டையர் ஆன காசுல நான் வாங்கினது. உங்க மகளே என் வீட்டுலதான் இருக்கறா. நான் கூப்பிடறேன், என்னைப் பார்க்க இருங்க."

அவர் என் வலது கையை எடுத்து வெந்நீரில் வைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 28, சனி

அவரே பிடித்துத் திருப்பினார். உயிர் போய் வந்தது. "வலிக்குதுங்க" என்றேன். "வலிக்கட்டும். பொய்க்கணக்கு எண்ணுன வாய்க்கு நல்லா வேணும்" என்றார். வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. சங்கரி, "என்ன அத்தை, இன்னைக்கு எண்ணவே இல்லை, கத்தறீங்க?" என்று கேட்டாள்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

சம்பந்தியம்மா ஊருக்குப் போனார். நவநீதன் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். என் தலையை இரண்டு மூன்று நாளைக்குக் கலையாதபடி இறுக்கிப் பின்னிவிட்டுப் போயிருக்கிறார். எள்ளுத் துவையல் ஒரு டப்பா நிறைய.

அவர் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு புடவைகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பயிற்சி செய்தேன். நிஜமாகவே. கை சரியாகட்டும். இனி அதைக் கெடுத்து யாரைப் பிடித்து வைக்கப் போகிறேன்?

ஏப்ரல் 1, புதன். பங்குனி உத்திரம்

வலது கையால் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

மத்தியானம் போன் வந்தது. பின்னால் கொட்டுச் சத்தம், பிள்ளைகள் கூச்சல். "கை என்ன செய்யுது? செய்யுதியளா?" என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். "அய்யா சாஸ்தாவே, உள்ளதச் சொல்லுதாவளான்னு பாத்துக்கோ" என்றார். வேறு எதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சரி, வைக்கிறேன் என்றார்.

வைக்கவில்லை. அவருக்குப் போனை அணைக்கத் தெரியாது. எப்போதும் சங்கரிதான் அணைத்துக் கொடுப்பாள். பொங்கல் பானையின் சலசலப்பு கேட்டது. யாரோ ஒரு அம்மாள், அவர் கொழுந்தன் மனைவியாகத்தான் இருக்கும், பக்கத்தில் வந்து பேசினாள்.

"என்னக்கா, துணிமணியெல்லாம் திரும்பிக் கட்டுதியாம்ல? திருப்பியும் மக வீட்டுக்கா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

அணைத்துவிட வேண்டும் என்றுதான் விரலைக் கொண்டுபோனேன். சத்தியமாக.

"மக வீட்டுல யாருட்டி இருக்கா?" என்றது என் காதுக்குள் அந்தக் குரல். "நான் என் சேக்காளி வீட்டுல இருக்கேன். தீவாளிக்குக் கொண்டுபோன துணியெல்லாம் நைஞ்சு போச்சு, அத இங்க போட்டுட்டு வேற எடுத்துக்கிட்டுப் போலாம்னுதான் எல்லாத்தையும் கொண்டாந்தேன். அவளுக்குக் கை இன்னும் சரியாவல. சரியானாலும் அவ தனியா ஆட முடியாது, ரெண்டு பேரு வேணும் அந்த ஆட்டத்துக்கு."

'சேக்காளி' எங்கள் பக்கத்துச் சொல் இல்லை. யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவும் இல்லை. கோமதி என்னை 'அவ' என்றதும், சிநேகிதி என்று புரிந்துவிட்டது.

கொட்டுச் சத்தம் பெரிதாகிவிட்டது, பேச்சுக் கேட்கவில்லை. உத்திரத்துக்கு லீவு போட்டிருந்த சங்கரி வந்து, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். அங்கே தானாக அணைகிற வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.